ஆங்கில ஆசிரியர் சான்றிதழ்: பணம் செலுத்துமுன்...

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பும் ஹட்டன் பிரதேச இளைஞர், யுவதிகள் அதற்கான சான்றிதழ்ப் பாடநெறியில் சேருமுன் மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கொழுந்து பறிக்கும் தாயின் சேமிப்பு கட்டணமாகும்போது அவசரம் கூடாது.

முதலாவது, பயிற்சியின் தன்மை. சர்வதேச ரீதியில் பரவலாக ஏற்கப்படுபவை கேம்பிரிட்ஜின் 'செல்டா'வும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் 'சேர்ட் டெசோல்' சான்றிதழுமாகும். முன்னையது குறைந்தது 120 மணித்தியாலங்களையும் பின்னையது 130 மணித்தியாலங்களையும் கொண்டது. இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு 6 மணித்தியாலங்கள் கற்பித்துக் காட்ட வேண்டும். 'டெசோல்' என்பது பொதுப்பெயர். கற்பித்தற் பயிற்சியின்றி அப்பெயரில் வழங்கப்படும் இணையவழிச் சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது.

இரண்டாவது, கல்வித் தகைமை. பல நாடுகள் ஆசிரியர் விசாவுக்குப் பட்டத்தைக் கோருகின்றன. அங்கெல்லாம் உயர்தரச் சித்தியும் சான்றிதழும் மாத்திரம் போதமாட்டா.

மூன்றாவது, கடவுச்சீட்டு. தென்கொரியாவின் ஆங்கிலப் பயிற்றுநர் விசா பொதுவாக அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய 7 நாட்டவர்க்கே உரியது. எச்சான்றிதழைப் பெற்றாலும் இலங்கையருக்கு இத்தடை நீங்காது. ஆகவே, செல்லும் நாட்டை முதலில் தீர்மானித்து, அதன் விதிகளை அந்நாட்டுத் தூதரகத்தில் விசாரித்த பின்னரே பாடநெறியைத் தெரிவுசெய்ய வேண்டும்.

தொழில் பெற்றுத் தருவதாகக் கூறும் முகவரிடம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பது அவசியம். ஆசிரியத் தொழிலே இலட்சியமெனில், அருகிலுள்ள பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியையும் மறத்தலாகாது.