என்ஏஏசிபி எதிர் அலபாமா வழக்கு

என்ஏஏசிபி எதிர் அலபாமா என்பது ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1958ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று தீர்ப்பளித்த வழக்கு ஆகும். கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக இயங்கிய இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று, தன் உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை அலபாமா மாநில அரசிடம் ஒப்படைக்க மறுத்ததே இவ்வழக்கின் மையம் ஆகும். சங்கம் அமைக்கும் உரிமையினுள், ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பதை வெளிப்படுத்தாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அடங்கும் என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. அரசியல் நெருக்கடிக்கு உள்ளாகும் தன்னார்வ அமைப்புகளின் சட்டப் பாதுகாப்புக்கு இது ஓர் அடிப்படைத் தீர்ப்பாகக் கருதப்படுகிறது. எனினும், இத்தீர்ப்பு வந்து ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அவ்வமைப்பு அலபாமாவில் மீண்டும் இயங்க முடிந்தது.

பின்னணி

நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் 1909இல் தோற்றுவிக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது என்ஏஏசிபி எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இது நியூயார்க் மாநிலச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட, உறுப்பினர் சந்தாவிலும் நன்கொடையிலும் இயங்கும் அமைப்பு ஆகும். அலபாமாவில் இதன் முதற் கிளைகள் 1918இல் ஏற்பட்டன. 1951இல் அம்மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் ஒரு வட்டார அலுவலகமும் திறக்கப்பட்டது.

1954இல் பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கில், அரசுப் பள்ளிகளில் இன அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கை நடத்தியவர்கள் என்ஏஏசிபியைச் சார்ந்த வழக்கறிஞர்கள் ஆவர். இதனால் தென் மாநில அரசுகளின் எதிர்ப்பு இச்சங்கத்தின் மீது திரும்பியது. அலபாமாவில் இரு நிகழ்வுகள் இவ்வெதிர்ப்பைக் கூர்மையாக்கின. ஒன்று, மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு. மற்றொன்று, 1956 பிப்ரவரியில் ஆத்தரின் லூசி என்ற கறுப்பின மாணவி சங்கத்தின் சட்ட உதவியுடன் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது.

பெயர் வெளியாவதன் விளைவுகள்

இவ்வழக்கில் ஒரு பட்டியல் இத்துணை முதன்மை பெற்றது ஏன் என்பதை அறிய, அக்காலத் தென் மாநிலங்களில் பெயர் வெளியானவர்களுக்கு நேர்ந்தவற்றை அறிதல் வேண்டும். 1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் யாசூ நகரில், பள்ளிகளில் இனப் பிரிவினையை நீக்கக் கோரும் விண்ணப்பத்தில் 53 கறுப்பின மக்கள் கையொப்பமிட்டனர். வெள்ளையர் குடிமக்கள் மன்றம் என்ற அமைப்பு அவர்களது பெயர்களைச் செய்தித்தாளில் விளம்பரமாக வெளியிட்டது. அதன் பின் பலர் வேலை இழந்தனர். ஏறத்தாழ அனைவரும் தம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

தென் கரோலினா மாநிலம் 1956இல், என்ஏஏசிபி உறுப்பினர்கள் அரசுப் பணியில் இருத்தல் கூடாது எனச் சட்டம் இயற்றியது. உறுப்பினர் என்பதை மறைக்க மறுத்த ஆசிரியை செப்டிமா கிளார்க் தம் பணியை இழந்தார். எனவே, அலபாமா அரசு கேட்ட பட்டியலில் இடம்பெறுவது ஒருவரின் வேலைக்கும், சில வேளைகளில் உயிருக்கும் ஆபத்தாக முடியக்கூடியதாக இருந்தது.

வழக்கின் தொடக்கம்

வெளிமாநிலத்தில் பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள் அலபாமாவில் இயங்குவதற்கு முன் அம்மாநில அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இலாப நோக்கற்ற அமைப்பாகிய தனக்கு இது பொருந்தாது எனக் கருதி என்ஏஏசிபி அவ்வாறு பதிவு செய்யவில்லை. இதனைக் காரணமாகக் காட்டி, மாநில அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் பேட்டர்சன் 1956 ஜூன் 1 அன்று மாண்ட்கோமரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதே நாளில், சங்கத்தின் தரப்பைக் கேட்காமலேயே, நீதிபதி வால்டர் ஜோன்ஸ் இடைக்காலத் தடை விதித்தார். சங்கம் மாநிலத்தில் எவ்விதச் செயற்பாட்டிலும் ஈடுபடக்கூடாது என்பதுடன், பதிவு செய்வதற்கான முயற்சியும் செய்யக்கூடாது என அவ்வாணை கூறியது. அதாவது, பதிவு செய்யாததற்காகத் தடை விதித்த நீதிமன்றமே பதிவு செய்வதையும் தடுத்தது.

தடையை நீக்கக் கோரிச் சங்கம் விண்ணப்பித்தது. அதனை விசாரிக்கும் முன்னர், வங்கிக் கணக்குகள், சொத்து ஆவணங்கள் ஆகியவற்றுடன் அலபாமாவில் உள்ள அனைத்து உறுப்பினர்களின் பெயர், முகவரிகளையும் ஒப்படைக்க வேண்டும் என்று அரசு கோரியது. நீதிமன்றமும் அவ்வாறே ஆணையிட்டது. ஆணை நிறைவேற்றப்படாததால் 1956 ஜூலை 25 அன்று நீதிமன்ற அவமதிப்புக்காக 10,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. ஐந்து நாட்களுக்குள் பணியாவிட்டால் அது 100,000 டாலராக உயரும் எனவும் கூறப்பட்டது.

இந்நிலையில் சங்கம், கேட்கப்பட்ட ஆவணங்களில் ஏறத்தாழ அனைத்தையும் ஒப்படைத்தது. பதிவு செய்துகொள்ளவும், தன் பணியாளர், பொறுப்பாளர்களின் பெயர்களைத் தரவும் அது முன்வந்தது. சாதாரண உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் தர மறுத்தது. தண்டம் 100,000 டாலராக உயர்த்தப்பட்டது.

அலபாமா சட்டப்படி, அவமதிப்புக் குற்றத்திலிருந்து நீங்காதவர் மூலத் தடையாணையை எதிர்த்து வாதிட இயலாது. ஆகவே, பட்டியலைக் கொடுத்தால் உறுப்பினர்கள் பாதிக்கப்படுவர். கொடுக்காவிட்டால் தடையை நீக்கக் கோரவே முடியாது என்ற நிலை உருவாயிற்று.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

அலபாமா உச்ச நீதிமன்றம், மேல்முறையீடு தவறான சட்ட வழியில் கொண்டுவரப்பட்டது எனக் கூறி அதனை ஏற்க மறுத்தது. இதனால் வழக்கு ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சங்கத்தின் சார்பில் ராபர்ட் கார்ட்டர் வாதிட்டார். நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு சங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது. அதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

1. உறுப்பினர்களின் உரிமைக்காகச் சங்கமே வாதிடலாம். ஒவ்வோர் உறுப்பினரும் நேரில் வந்து தம் உரிமையைக் கோர வேண்டும் என்றால், அவ்வாறு வருவதே அவரது பெயரை வெளிப்படுத்திவிடும்.

2. பட்டியலைக் கட்டாயமாகப் பெறுவது நேரடித் தடை அன்று எனினும், மக்கள் சங்கத்தில் சேர அஞ்சும் நிலையை ஏற்படுத்தும். முன்னர்ப் பெயர் வெளியான உறுப்பினர்கள் வேலை இழப்பு, மிரட்டல் முதலியவற்றுக்கு ஆளானதைச் சங்கம் எடுத்துக்காட்டியிருந்தது. இத்தீங்குகளைச் செய்பவர்கள் தனிமனிதர்களே எனினும், அரசின் ஆணையே அதற்கு வழி திறக்கிறது.

3. சங்கம் மாநிலத்தில் இயங்குகிறதா, பதிவுச் சட்டம் அதற்குப் பொருந்துமா என்பனவே வழக்கில் உள்ள வினாக்கள். சங்கம் தான் இயங்குவதை ஒப்புக்கொண்டுவிட்ட நிலையில், உறுப்பினர் பெயர்கள் அவ்வினாக்களுக்கு விடை காண உதவா.

இதற்கு மாறாக, 1928இல் கு கிளக்சு கிளான் அமைப்பின் உறுப்பினர் பட்டியலை நியூயார்க் மாநிலம் கோரியதை இதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. அவ்வமைப்பு வன்முறையில் ஈடுபட்டதும், அரசுக்கு எத்தகவலையும் தர மறுத்ததும் இரு வழக்குகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் எனத் தீர்ப்பு விளக்கியது. சங்கம் மற்ற ஆவணங்களை முன்னரே ஒப்படைத்திருந்தது இங்கு அதற்குத் துணையாயிற்று.

தீர்ப்புக்குப் பின்

தண்டம் நீக்கப்பட்ட போதிலும், 1956ஆம் ஆண்டின் தடையாணை நீங்கவில்லை. 1959இல் அலபாமா உச்ச நீதிமன்றம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தவறான தகவலின் மேல் அமைந்தது எனக் கூறி அவமதிப்புத் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அதனையும் நீக்கியது. ஆயினும், தடையின் மீதான விசாரணை தொடங்கவில்லை. சங்கம் கூட்டரசு நீதிமன்றத்தை நாடியது. 1962 ஜனவரி 2ஆம் நாளுக்குள் மாநிலம் விசாரணைக்கு வாய்ப்பளிக்காவிட்டால் கூட்டரசு நீதிமன்றமே வழக்கை விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1961 அக்டோபரில் ஆணையிட்டது. 1961 டிசம்பரில் விசாரணை நடந்தது. அதன் முடிவில் இடைக்காலத் தடை நிரந்தரத் தடையாக மாற்றப்பட்டது.

1963இல் அலபாமா உச்ச நீதிமன்றம், சங்கத்தின் மேல்முறையீட்டு மனுவில் வாதங்கள் உரிய முறையில் வரிசைப்படுத்தப்படவில்லை எனக் காரணம் கூறி இத்தடையை உறுதி செய்தது. 1964 ஜூன் 1 அன்று, அதாவது முதல் தடை விதிக்கப்பட்டுச் சரியாக எட்டு ஆண்டுகள் கழித்து, ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்காம் முறையாகத் தலையிட்டு நிரந்தரத் தடையை நீக்கியது. வழக்கின் நீண்ட வரலாற்றைக் கருத்தில் கொண்டு, அதனைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பாமல் தானே முழுமையாக ஆராய்ந்து முடிவு கூறியது. உறுப்பினர் பட்டியல் இறுதிவரை அலபாமா அரசின் கைக்குச் செல்லவில்லை.

தடைக் காலம்

இந்த எட்டு ஆண்டுகளில் சங்கம் அலபாமாவில் சட்டப்படி இயங்க முடியவில்லை. அவ்வகையில், சட்டப் போரில் தோற்றாலும் மாநில அரசு தன் உடனடி நோக்கத்தை அடைந்தது எனலாம். ஜான் பேட்டர்சன் 1958இல் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எனினும், இயக்கம் நின்றுவிடவில்லை. தடை விதிக்கப்பட்ட நான்கு நாட்களில், 1956 ஜூன் 5 அன்று, போதகர் பிரெட் சட்டில்சுவர்த் தலைமையில் மனித உரிமைகளுக்கான அலபாமா கிறித்தவ இயக்கம் என்ற புதிய அமைப்பு பர்மிங்காமில் தொடங்கப்பட்டது. 1963இல் நடந்த பர்மிங்காம் போராட்டத்தில் இவ்வமைப்பு பெரும் பங்காற்றியது. இவ்வழக்கில் பங்கேற்ற பர்மிங்காம் வழக்கறிஞர் ஆர்த்தர் ஷோர்சின் வீடு அதே ஆண்டில் இரு முறை குண்டு வைத்துத் தாக்கப்பட்டது.

சட்ட உதவி அமைப்புகளின் நிலை

சங்கத்தின் வழக்குகளுக்காகத் தர்குட் மார்ஷல் 1940இல் சட்டப் பாதுகாப்பு நிதியம் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். நன்கொடைகளுக்கான வரிச்சலுகை தொடர்பான நெருக்கடி காரணமாக, 1957இல் அது தாய்ச் சங்கத்திலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டது. அதன் பின் சங்கத்தின் சொந்த வழக்குகளை ராபர்ட் கார்ட்டர் கவனித்தார்.

சட்ட உதவி அளிப்பதையே குற்றமாக்கும் முயற்சிகளும் நடந்தன. வர்ஜீனியா மாநிலம் 1956இல் இயற்றிய சட்டம் ஒன்று, வழக்குத் தொடுக்க மக்களை ஊக்குவித்து வழக்கறிஞர்களை ஏற்பாடு செய்வதைத் தொழில்முறைத் தவறாக்கியது. 1963இல் என்ஏஏசிபி எதிர் பட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய அமைப்புக்கு வழக்குத் தொடுப்பது அரசியல் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம் எனக் கூறிச் சங்கத்தின் சட்டப் பணிகளுக்குப் பாதுகாப்பு அளித்தது. அலபாமா தீர்ப்பை எழுதிய ஹார்லன் இவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

தொடர்புடைய தீர்ப்புகள்

* பேட்சு எதிர் லிட்டில் ராக் (1960): உள்ளூர்த் தொழில்வரி விதிகளைக் காட்டி உறுப்பினர் பட்டியல் கோரியது செல்லாது.
* ஷெல்டன் எதிர் டக்கர் (1960): ஆசிரியர்கள் தாம் ஐந்து ஆண்டுகளில் சார்ந்திருந்த அமைப்புகள் அனைத்தையும் அறிவிக்க வேண்டும் என்ற ஆர்கன்சா மாநிலச் சட்டம் செல்லாது.
* கிப்சன் எதிர் புளோரிடா சட்டமன்ற விசாரணைக் குழு (1963): பொதுவுடைமையர் ஊடுருவலை ஆராய்வதாகக் கூறி மயாமி கிளையின் பட்டியலைக் கோரியது செல்லாது.

பிற்கால விவாதம்

2021இல் அமெரிக்கன்சு ஃபார் பிராஸ்பெரிட்டி அறக்கட்டளை எதிர் பொன்டா வழக்கில், அறக்கட்டளைகள் தம் பெரும் நன்கொடையாளர்களின் பெயர்களை மாநில அரசுக்கு அளிக்க வேண்டும் என்ற கலிபோர்னியா விதியை உச்ச நீதிமன்றம் 6–3 என்ற பெரும்பான்மையில் நீக்கியது. இரகசியமாக வைத்திருக்க வேண்டிய ஏறத்தாழ 2,000 படிவங்கள் அரசின் இணையத்தளத்தில் தவறுதலாக வெளியாகியிருந்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. வழக்குத் தொடுத்தவை பழமைவாத அமைப்புகள் எனினும், அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியமும் மேற்கூறிய சட்டப் பாதுகாப்பு நிதியமும் அவற்றின் நிலைப்பாட்டை ஆதரித்தன.

இதனை எதிர்த்து நீதிபதி சோனியா சோட்டோமேயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1958இல் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு நேர்ந்த தீங்கினைச் சான்றுகளுடன் காட்டியது. அத்தகைய சான்று இன்றியே அனைவருக்கும் பாதுகாப்பு அளிப்பது பொருந்தாது என்பது அவரது வாதம் ஆகும். வலிமை குறைந்த உறுப்பினர்களுக்காக உருவான உரிமை, அரசியலில் பெரும் பணம் செலவிடுவோரின் மறைப்பாகவும் பயன்படக்கூடும் என்பது விமர்சகர்களின் கருத்து. ஆட்சியில் இருப்போர் மாறும்போது நெருக்கடிக்கு உள்ளாகும் அமைப்புகளும் மாறும் என்பதால், பாதுகாப்பு அனைவருக்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது மறுதரப்பினரின் கருத்து.

இவற்றையும் பார்க்க

* பிரவுன் எதிர் கல்வி வாரியம்
* மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு
* தர்குட் மார்ஷல்
* ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம்