யாழ் வீணையான ஊர்

வேதாரண்யம்தான் மூலப்பெயர், திருமறைக்காடு அதன் தமிழாக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. வழி எதிர்த்திசையில் போகிறது. ஏழாம் நூற்றாண்டில் கோயில் கதவு திறக்க அப்பரும், அடைக்கச் சம்பந்தரும் பாடிய பதிகங்களில் ஊர் மறைக்காடுதான். ஆனால் பழைய சான்று தமிழில் கிடைப்பதாலேயே பெயர் தமிழில் பிறந்ததாகிவிடாது. நான்மறைகள் வழிபட்ட இடம் என்று சம்பந்தரே பாடுவதால், வடமொழிக் கருத்து முன்பே இருந்தது என்று வாதிடலாம். கருத்து இருந்திருக்கலாம், பெயர் எந்த மொழியிலிருந்து எதற்குப் போனது என்பது வேறு கேள்வி.

அதற்கு விடை அம்மன் சந்நிதியில் இருக்கிறது. யாழைப் பழித்த மொழியாள் என்பது அம்மன் பெயர். இத்தலத்துப் பதிகத்தில் சுந்தரர் ஆண்ட தொடரிலிருந்து வந்தது. வடமொழியில் அவள் வீணாவாத விதூஷணி. தேவாரத்துக்கு யாழும் தெரியும், வீணையும் தெரியும். அப்பர் பாட்டில் வீணை ஒலிக்கவே செய்கிறது. மூலத்தில் வீணை இருந்திருந்தால் தமிழில் அதை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம், யாழாக மாற்ற வேண்டிய தேவை இல்லை. வடமொழிக்குப் பெயர்த்தவருக்கோ அந்த வசதி இல்லை. யாழுக்கு ஈடாக அவர் கைக்கு வந்த சொல் வீணைதான். அம்மன் பெயர் போன வழியிலேயே ஊர்ப்பெயரும் போயிருக்கும்: மறை வேதமாகி, காடு ஆரண்யமாகி, இரண்டும் வடமொழிச் சந்தியில் ஒட்டிக்கொண்டன. முதுகுன்றம் விருத்தாசலமானதும் இதே தச்சுவேலை.

‘மறை’ அல்ல, ‘மரை’ என்னும் மானே பெயரின் வேர் என்றும் சொல்வதுண்டு. ஊருக்கு அருகிலுள்ள கோடியக்கரையில் வெளிமான்கள் மேய்வதால் கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் வெளிமான் புல்வெளி விலங்கு. சங்கப் பாடல்களின் மரை நெல்லிக்காய் தின்று திரிவது. பதிகங்களும் வல்லின றகரத்தையே காட்டுகின்றன. காடு மட்டும் கற்பனையல்ல: கோடியக்கரையில் உலர் பசுமைமாறாக் காடு இன்றும் நிற்கிறது, 1967 முதல் சரணாலயமாக.

மாயவரம் 1982-ல் மயிலாடுதுறை ஆனது. வேதாரண்யம் மறைக்காடாகத் திரும்பவில்லை. 1930 ஏப்ரலில் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து நடந்துவந்து ராஜாஜி இங்கே உப்பெடுத்தபோது நாடெங்கும் பரவியது வேதாரண்யம் என்ற பெயர். அதைத் தொட யாருக்கும் மனம் வராததற்கு அந்த உப்பும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.