பன்னிரண்டு படங்களின் கணக்கு

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். 1970-களில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு வீட்டில் சொந்தமாகக் கேமரா இருந்தால் அது அக்ஃபா கிளிக் த்ரீயாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பன்னிரண்டில் முடியிறக்குக்கு மூன்று, குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு இரண்டு, சடங்கான பெண்ணுக்கு மூன்று, ஊரிலிருந்து வந்த மாமா குடும்பத்துக்கு ஒன்று. நாளைக்கே கண்ணை மூடிவிடுவேன் என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பாட்டிக்கு இரண்டு. மிச்சமிருக்கும் ஒன்றை ரோல் முடிய வேண்டுமே என்பதற்காக வாசலில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து அமுக்குவார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் தெரிகிற தண்ணீர்க் குழாயும் சைக்கிளும் திண்ணையும்தான் அந்தத் தெருவுக்குக் கிடைத்த பங்கு.

சட்டைப் பையில் அடங்கும் கேமரா உலகத்தில் 1912-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்த் தெருக்களின் படம் 2000-க்கு முன்னால் எடுத்தது அரிதாகத்தான் கிடைக்கிறது. கேமராவின் அளவை மட்டும் பார்த்தால் இதற்குக் காரணம் விளங்காது. ஒரு தடவை பொத்தானை அமுக்க என்ன செலவாகிறது என்ற கணக்கையும் கூடவே பார்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் கேமரா மாட்டுவண்டிச் சுமை. சென்னை மாகாணத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857 இறுதியிலும் 1858-இலுமாக ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். ஓரடிக்கும் அகலமான மெழுகுக் காகித நெகட்டிவ்கள், முக்காலி, ரசாயனப் புட்டிகள் எல்லாம் அவரோடு போயின. மதுரைக் கோபுரங்களையும் தெப்பக்குளத்தையும் நாயக்கர் அரண்மனையையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் வியக்க வைக்கின்றன. அவற்றில் ஆள் நடமாட்டம் மட்டும் அபூர்வம். லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்ததால் குறுக்கே நடந்தவர்கள் படத்தில் பதியாமலே போனார்கள். நின்றது பதிந்தது, நகர்ந்தது மறைந்தது.

பிறகு வந்த ஸ்டூடியோக்கள் தெருவை வாசலோடு நிறுத்திவிட்டன. உள்ளே திரை தொங்கியது. திரையில் மாடிப்படி, தாமரைக் குளம், அரண்மனைத் தூண். கரிசல் காட்டு விவசாயிக்கும் பஞ்சாலைத் தொழிலாளிக்கும் அதே தூண்தான். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதிப் பழகிய ஓவியர் சி. கொண்டையராஜு, 1940-களில் கோவில்பட்டியில் தம் சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவர்கள் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாகக் காலண்டர்களாக நாடெங்கும் போயின. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்வடிவாக்கியிருக்கிறது. ஸ்டூடியோ விட்டுச்சென்ற உலகம் முகங்களின் உலகம். முகத்துக்குப் பின்னால் ஊர் இருக்காது, திரைதான் இருக்கும். கேமரா ஆயுசைக் குறைக்கும் என்று நம்பிய ஊர்களில் அந்த ஒரு முகத்தைப் பதிய வைப்பதே பெரும்பாடு.

மேற்கில் சுமை வேகமாக இறங்கியது. 1888-இல் ஈஸ்ட்மனின் கோடாக், நூறு படத்துக்கான ஃபிலிமை உள்ளே வைத்தே விற்பனைக்கு வந்தது. எடுத்து முடித்ததும் பெட்டியோடு ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டும். கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் கம்பெனி வேலை. 1900-இல் ஒரு டாலர் விலையில் பிரவுனி. 1912-இல் கோட்டுப் பைக்கென்றே செய்த வெஸ்ட் பாக்கெட் கோடாக். மடக்கினால் பைக்குள் போகும் அந்தக் கேமராவை எடுத்து, விரித்து, முன்பக்கத்தை இழுத்து நிறுத்தியாக வேண்டும். அதற்குள் தெருவில் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரத்துப் பொறியாளர் ஆஸ்கர் பார்னாக். ஆஸ்துமாக்காரர். கனமான பிளேட் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. சினிமாவுக்கான 35 மி.மீ. ஃபிலிமைப் படுக்கை வாட்டில் ஓடவிட்டு, 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் பதியும் சிறு கேமரா ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன் செய்தார். லைட்ஸ் நிறுவனம் 1925-இல் லைப்சிக் சந்தையில் அதை லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வைத்தது. ஒரு ரோலில் 36 படம், கண்ணுக்கு நேரே வைத்து எடுக்கலாம், சத்தம் குறைவு. தெருப் புகைப்படம் ஒரு தனிக் கலையாக வளர்ந்ததற்கு இந்த மூன்றும் காரணம்.

அந்த லைக்கா தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணர் மறைந்த ஏப்ரல் 14 இரவு அவர் அந்த ஊரில்தான் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களும், ஆசிரமத்துக்குத் திரண்ட கூட்டமும் அவர் கேமராவில் பதிந்தன. அதே ஆண்டு மதுரையில், எலும்பும் தோலுமான குழந்தையை ஏந்திய ஒரு பெண்ணை வண்டிச் சக்கரத்தோடு சேர்த்து அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கேமராவின் பளபளப்பான உலோகத்தைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு, பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டுமே நம்பித் தெருவில் நடப்பது அவர் வழக்கம்.

தமிழர்களில் இந்தக் கலையை முறையாகக் கற்றவர் இல்லாமலில்லை. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930-களிலேயே டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தார். ஆனால் அவருடைய உழைப்பு 1940-இல் வெளியான காந்தி ஆவணப்படத்துக்கும், பிறகு குமரி மலர் இதழுக்கும் போயிற்று.

சாமானியருக்கு வழி வேறு விதமாக அடைபட்டிருந்தது. சுதந்திரத்துக்குப் பின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. வெளிநாட்டுக் கேமரா இறக்குமதிக்குக் கெடுபிடி. நல்ல கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் 1969-இல் பர்மா அகதிகளுக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையில் உருவான பர்மா பஜாரில் பேரம் பேச வேண்டும். ரோலை நிறுவனம் 1966-இல் அறிமுகப்படுத்திய ரோலை 35, அன்றைய 35 மி.மீ. கேமராக்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று. லென்ஸ் உள்ளே அமுங்கிச் சட்டைப் பைக்குள் போய்விடும். 1970-களில் அதைச் சிங்கப்பூரிலேயே தயாரித்தார்கள். தமிழர்கள் நிறைந்த ஊரில் செய்த கேமரா, தமிழ்நாட்டுக் கடைக்கு நேர்வழியில் வர முடியவில்லை.

உள்நாட்டில் கிடைத்தது பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்த கிளிக் த்ரீ. வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று இரண்டே அமைப்பு. தூரம் சரிசெய்ய வேண்டியதில்லை, சில அடி தள்ளி நின்றால் போதும். உறுதியான, மலிவான, பழுதாக அதிகம் இடமில்லாத கேமரா. ஷட்டர் வேகம் குறைவென்பதால் எதிரே இருப்பவர் அசையாமல் நிற்க வேண்டும். ‘ஆடாதே, அசையாதே’ என்ற அதட்டல் ஸ்டூடியோவிலிருந்து வீட்டுக்கும் குடிவந்தது. ஃபிலிம் ஊட்டியிலிருந்து வந்தது. 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காக நீலகிரியைத் தேர்ந்து, 1967 முதல் இந்து என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் காகிதமும் தயாரித்தது.

விருதுநகர் மாவட்ட ஆலங்குளத்தில் (தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு) அரசு சிமெண்ட் ஆலை 1970-இல் ஓடத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் சுரங்கம், சங்கு, ஷிப்டு, சம்பள நாள் என்று கரிசல் ஊர் ஒன்று ஆலை ஊராக மாறிய காலம் அது. ஒரு தெரு எப்படி மாறுகிறது என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான தருணம் அமையாது. ஊட்டியில் ஃபிலிம் இருந்தது, பரோடாவில் கேமரா இருந்தது. பன்னிரண்டு படக் கணக்கில் சம்பள நாள் கடைத்தெருவுக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

1980-களில் ஹாட் ஷாட் வந்தது. பென்சில் டப்பா போல நீளமாக, தட்டையாக, உண்மையிலேயே பைக்குள் போகும் கேமரா. கோடாக் 1972-இல் கொண்டுவந்த 110 வகை ஃபிலிமை அதில் போட வேண்டும். ஃபிலிம் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளேயே இருக்கும் என்பதால் வெளிச்சம் பட்டுக் கெடும் என்ற பயம் இல்லை. குறிபார், அமுக்கு, அவ்வளவுதான் பாடம். தொலைக்காட்சி விளம்பரம் அதை வீட்டுக்கு வீடு அறிமுகப்படுத்தியது. சிக்கல் நெகட்டிவில் இருந்தது: 13-க்கு 17 மி.மீ. கொஞ்சம் பெரிதாக்கினாலும் முகம் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். கேமரா சிறுத்ததற்கான விலையைப் படம் கொடுத்தது.

ஜப்பான் அந்தச் சிக்கலையும் அவிழ்த்திருந்தது. ஒலிம்பஸ் நிறுவனத்தின் மைத்தானி யோஷிஹிசா 1959-இல் செய்த பென், 36 பட ரோலில் 72 படம் எடுத்தது. ஒரு ஃபிரேமின் செலவைப் பாதியாக்கிய கேமரா என்று அதைச் சொல்லலாம். அவரே 1979-இல் செய்த எக்ஸ்.ஏ., முழு 35 மி.மீ. படத்தை 225 கிராமுக்குள் அடக்கியது. மூடியை நகர்த்தினால் தயார். இந்த வரிசைக் கேமராக்கள் நம் ஊர்க் கடைகளுக்குப் பரவலாக வரவில்லை. 1991-க்குப் பின் பொருளாதாரத் தாராளமயத்தால் கதவு திறந்தபோது இங்கே நிறைந்தவை யாஷிகா எம்.எஃப்.2-வும் கோடாக் கே.பி.10-உம். ஃபிளாஷ், கலர், 36 படம் எல்லாம் இருந்தன. கலர் லேபில் ஃபிலிமைக் கழுவி 36-க்கும் பிரிண்ட் போடும் செலவும் இருந்தது. படம் மூன்று மடங்கானாலும் அது தெருவுக்குப் போகவில்லை. கல்யாண ஆல்பம்தான் தடித்தது.

கணக்கை உடைத்தது டிஜிட்டல். அமுக்குவதற்குக் காசில்லை என்றானதும் எல்லாம் மாறியது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010-இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். பெரும்பகுதி சிறிய காம்பாக்ட் வகை. 2023-இல் எல்லா வகையும் சேர்த்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. இடையில் செல்போன் வந்துவிட்டது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஊட்டித் தொழிற்சாலையும் மூடப்பட்டது.

தமிழகத்துச் சாமானிய வீட்டுப் பிள்ளைகள் கேமராவோடு தெருவில் இறங்கியதும் இந்தக் காலத்தில்தான். மதுரை ஜவகர்லால்புரத்து எம். பழனிக்குமார் கடன் வாங்கித்தான் கேமரா வாங்கினார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைப் பதிந்த அவருக்கு 2022-இல் முதலாவது தயானிதா சிங் – பாரி (கிராமப்புற இந்திய மக்கள் ஆவணக் காப்பகம்) ஆவணப் புகைப்பட விருது கிடைத்தது.

செல்போன் இருக்கும்போது தனியாக ஒரு பாக்கெட் கேமரா எதற்கு? போனில் பூட்டைத் திறந்து, செயலியைத் தொட்டு, அது ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் வடம் பிடிப்பவரின் முகம் திரும்பியிருக்கும். வெயிலில் திரையும் தெரியாது. 1996-இல் ஃபிலிம் கேமராவாகப் பிறந்து, 2005-இல் டிஜிட்டலான ரிகோ ஜி.ஆர். இதற்கென்றே நிலைத்திருக்கிறது. 2019-இல் வந்த ஜி.ஆர். 3, பேட்டரியோடு 257 கிராம். 28 மி.மீ. பார்வை, ஜூம் கிடையாது. எஃப் 8-இல் வைத்து, தூரத்தை 2 மீட்டரில் பூட்டிவிட்டால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே ஓரளவு தெளிவாக விழும். ஃபோகஸுக்குக் காத்திருக்க வேண்டாம். கரிசல் வெயிலில் எஃப் 8 வைக்க வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. ஃபியூஜியின் எக்ஸ் 100 வரிசை 35 மி.மீ. பார்வையும் கண் வைத்துப் பார்க்கும் துவாரமும் தரும். ஆனால் 2024-இல் வந்த எக்ஸ் 100 வி.ஐ. அரை கிலோவைத் தாண்டும். வேட்டி மடிப்பிலோ சட்டைப் பையிலோ தாங்காது. சோனி ஆர்.எக்ஸ். 100 பைக்குள் போகும், ஜூமும் உண்டு. ஒவ்வொரு முறையும் லென்ஸ் வெளியே நீண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெரும்பாலான சன்னிதிகளில் எந்தக் கேமராவுக்கும் அனுமதி இல்லை. ஆகவே படம் எடுப்பவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்த் திருவிழா என்பது ரத வீதிதான். பால்கோவா அடுப்படி, பூக்கட்டும் திண்ணை, தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர் என்று எல்லாம் கையெட்டும் தூரத்தில். அருகே நின்று எடுப்பவர், எடுத்தபின் ஒரு வார்த்தை பேசிவிட்டு நகர்வது இந்த ஊர்களில் மரியாதை.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை நான்கு: பைக்குள் போகிறதா, எடுத்தவுடன் தயாராகிறதா, தூரத்தைக் கையால் பூட்ட முடிகிறதா, கறுப்பு நிறமா. மெகாபிக்சல் இந்தப் பட்டியலில் இல்லை. ஃபிலிம் ஆசையில் பழைய யாஷிகாவைத் தூசி தட்டுவோர், ஒரு ரோலும் கழுவுகூலியும் இன்று என்ன விலை என்று விசாரித்துவிட்டு இறங்குவது நல்லது. பன்னிரண்டு படக் கணக்கு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். புதிய ஜி.ஆருக்குப் பணம் இல்லாதவர்களுக்கு, 2010-ஐ ஒட்டி வாங்கி அலமாரியில் கிடக்கும் சாதாரண டிஜிட்டல் காம்பாக்ட்டே ஆலங்குளம் கடைத்தெருவுக்குத் தாராளமாகப் போதும். அதற்கான பேட்டரி இன்னும் கடையில் கிடைக்கிறதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.