போடியாரின் மரியாதை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே, பொழுது சாயும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையின் நெல்வட்டைகளில் ஒரு காலத்தில் பெரும்பகுதி சிலரின் கையில் இருந்தது. அவர்களைப் போடியார் என்றார்கள். வயலைப் பார்த்துக்கொள்ள முல்லைக்காரர், அவருக்குக் கீழே வெள்ளாமை செய்கிறவர்கள். தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிலும் போடிமார் இருந்தார்கள்.

மதிப்பு குறைவதை ஆங்கிலத்தில் 'முகத்தை இழத்தல்' என்பார்கள்.  மட்டக்களப்பிலோ மரியாதை என்பது கோயிலில் கை நீட்டி வாங்கும் பொருளும்கூட. கோயில் மரியாதையாகத் தரும் காளாஞ்சி யாருக்கு முதலில், திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடிக்கு என்பதில் ஊரின் வரிசை முழுவதும் தெரியும். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலை நடத்தும் வண்ணக்கர் பொறுப்பும் குடிவழி வந்ததே. குடி என்பது தாய்வழி. காணியும் பெண் வழியாக இறங்கியது. இந்த வழியைத் தாங்கிய, முக்குவர் சமூகத்தின் வழக்கச் சட்டத்தை 1876இல் பிரித்தானிய ஆட்சியின் சட்டம் முடித்துவைத்தது. ஆனாலும் மகளுக்கு வீடும் வயலும் சீதனமாகக் கொடுக்கும் பழக்கம் நிற்கவில்லை.

போடியாரை இறக்கியது காணி.

1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகைக்குச் செய்தவருக்கு நிலத்தில் உரிமை கொடுத்தது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 25 ஏக்கர் நெற்காணிதான் என்று வரம்பு கட்டியது. நூற்றுக்கணக்கான ஏக்கரில் நின்ற பெருமைக்கு இது பேரிடி. பிறகு போர் வந்தது. படுவான்கரை பல ஆண்டுகள் புலிகள் வசம் இருந்தது. 2007இல் படையினர் கைப்பற்றினர். அந்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்கள் வயலை விட்டு வாவி தாண்டின.

இதை வெறும் இழப்பாகச் சொன்னால் தவறு. தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் குனிந்தவர்களுக்கு அந்தச் சட்டங்கள் நியாயம் செய்தன. ஆனால் காணி கைமாறிய வேகத்தில் குடிவரிசை கைமாறவில்லை. ஏக்கர் போனவரும் தன் குடியின் முறையில் கோயிலில் நிற்கலாம். தான்தோன்றீஸ்வரத்தின் முன்னணிக் குடிகளில் ஒன்றின் பெயரே உலகிப்போடி குடி.

வட்டைகளின் பழைய பெயர்களையும் முல்லைக்காரரின் கணக்குமுறையையும் அறிந்தவர்கள் இன்று முதியவர்கள். படுவான்கரையில் உறவிருப்பவர்கள் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள்.