பூடிக்கா அரசியும் பொய்த்துப்போன மரண சாசனமும்

இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றங்கரையில், வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே ஒரு வெண்கலச் சிலை நிற்கின்றது. பாய்ந்தெழும் இரு குதிரைகள். தேரின்மீது கையில் ஈட்டி தாங்கிய மாதரசி. அவளுடன் பெண்மக்கள் இருவர். 1902-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இச்சிலைக்குரியவள், ஐசீனியர் குலத்தரசி பூடிக்கா. தன்னைத் தீக்கிரையாக்கியவளுக்கே ஒரு நகரம் சிலை எடுத்த வரலாறு நாம் அறியத்தக்கதன்றோ?

கி.பி. 43-இல் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் படை பிரிட்டனில் இறங்கிற்று. இன்று நார்போக் எனப்படும் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஐசீனியர் ரோமரோடு நட்புப் பூண்டனர். 47-இல் படைக்கலங்களை ஒப்படைக்குமாறு பணிக்கப்பட்டபோது எதிர்த்துத் தோற்றனர். அதன் பின்னரும் பிரசுத்தாகஸ் என்னும் மன்னன் ரோமருக்கு அடங்கி ஆண்டு வந்தான். தான் இறந்தபின் குடிக்கும் நாட்டிற்கும் தீங்கு நேராதிருக்கக் கருதி, தன் மகளிர் இருவரோடு நீரோ சக்கரவர்த்தியையும் வாரிசாக்கி மரண சாசனம் எழுதினான்.

விளைந்தது யாது? மன்னன் மறைந்ததும் ரோமப் படைத்தலைவர் நாட்டைச் சூறையாடினர். விதவையான பூடிக்கா கசையடி பட்டாள். அவள் மகளிர் கற்பழிக்கப்பட்டனர். குலத்தலைவர்களின் பரம்பரை நிலங்கள் பறிக்கப்பட்டன. போதாக்குறைக்குக் கடன் நெருக்கடி வேறு. அறம் உரைத்த ஞானி செனெக்காவே, பிரிட்டானியர் வேண்டாதிருந்தும் அவர்மீது சுமத்திய 4 கோடி செஸ்டர்ஸ் கடனை ஒருங்கே திருப்பிக் கேட்டார் என்று டியோ எழுதுகின்றார்.

மானமழிந்த குலம் வாளாவிருக்குமோ? கி.பி. 60-61-இல் ஐசீனியரும், அயலவரான திரினொவாந்தரும் ஒன்றுகூடி எழுந்தனர். தேசாதிபதி சுவெத்தோனியஸ் பாலினஸ் அப்போது மேற்கே மோனா தீவில் போர் புரிந்துகொண்டிருந்தான். கமுலோதூனம், இலண்டினியம், வெருலேமியம் என்னும் மூன்று நகரங்களும் எரிந்தன. அத்தீயின் செந்நிறச் சாம்பலடுக்கு இன்றும் இலண்டன் மண்ணைத் தோண்டுவோர்க்குப் புலப்படுகின்றது. மாண்டோர் 70,000 பேர் என்பார் டாசிட்டஸ். அவருள் ஏதுமறியாக் குடிமக்களும் பலர். கொடுமையுற்றவர் கொடுமை செய்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

முடிவில், ஏறத்தாழ 10,000 வீரரோடு பாலினஸ் இடமறிந்து நின்றான். பிரிட்டானியரோ பெண்டிரை வண்டிகளில் ஏற்றிக் களத்தின் பின்னே நிறுத்தியிருந்தனர். தோற்று ஓடியபோது அவ்வண்டிகளே வழியடைத்தன. பூடிக்கா நஞ்சுண்டு மாண்டாள் என்பர் டாசிட்டஸ்; நோயுற்று இறந்தாள் என்பர் டியோ.

அதன்பின் பாலினஸ் பழிவாங்குவதில் முனைந்தான். புதிதாக வந்த வரி அதிகாரி கிளாசிகியானஸ், இக்கடுமை ஒழிந்தாலன்றிப் பகை அடங்காது என்று ரோமாபுரிக்கு எழுதினார். சிறிது காலத்தில் பாலினஸ் மாற்றப்பட்டான். அவ்வதிகாரியின் கல்லறைக் கல் இலண்டனில் கிடைத்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. வாள் அடக்காததை நேர்மை அடக்கும் என்பதற்கு அக்கல்லே சான்று.

இன்னும் ஒன்று. டாசிட்டஸும் டியோவும் பூடிக்காவை வென்ற பேரரசைச் சார்ந்தோர். ஐசீனியர் தம் கதையை நூலாக எழுதி வைத்திலர். ஆதலின் அவர்தம் துயரையும் பிறர் வாயாலேயே நாம் கேட்கின்றோம். தன் வரலாற்றைத் தான் எழுதாத குலம், தன் வீரத்திற்கும் பிறரிடமே சாட்சி கேட்டு நிற்க நேரும்.