சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர்பட்ட ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியபோது, இலண்டன் பல்கலைக்கழகத்தைப் போலத் தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் வேலை. பாடம் சொல்லித் தருவது கல்லூரிகளின் பொறுப்பு. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்குப் பிறகே கற்பித்தலும் ஆய்வும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தன.

ஆய்வுப் பட்டத்துக்கு முன்பே ஆய்வு மாணவர் வந்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கு 1913இல் பல்கலைக்கழகத்தின் ஆய்வு உதவித்தொகை மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அது முதுகலை படித்தவர்களுக்கு உரியது; அவரோ கல்லூரியின் முதல்நிலைத் தேர்வான எஃப்.ஏ.விலேயே தவறியவர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்ற நிபந்தனையோடு விதியைத் தளர்த்தினார்கள். இன்றைய விதிகளின்படி அவரால் முனைவர் பட்டத்துக்குப் பதிவுகூடச் செய்ய முடியாது.

வரலாற்றுத் துறையில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் மாணவி சி. மீனாட்சி, பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து 1936இல் பட்டம் பெற்றார். இப்பல்கலைக்கழகத்தில் முனைவரான முதல் பெண் அவர். கல்வெட்டு, செப்பேடு, கோயில் சிற்பம் ஆகியவையே அவருடைய சான்றுகள். ஆய்வேடு 1938இல் நூலாயிற்று. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவரது நூல் 1941இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

தமிழறிஞர் மு. வரதராசன் 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில் முனைவரானார். தமிழைப் பற்றிய அந்த ஆய்வேட்டை அவர் எழுதியது ஆங்கிலத்தில்! தமிழ்த்துறை ஆய்வேடுகள் தமிழிலேயே எழுதப்படுவது பின்னாளைய வழக்கம்.

அறிவியலில் தனியாள் உழைப்பைவிடக் குழு உழைப்பே முன்னிற்கும். 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி.என். இராமச்சந்திரன், பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கொலாஜன் என்னும் புரதம் நிறைந்த கங்காரு வால் தசைநாரைப் பெற்று எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கச் செய்தார். 1954இல் சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். அவரிடம் ஆய்வு மாணவர்களாயிருந்த சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரும் 1963இல் அவருடன் சேர்ந்து வெளியிட்டதுதான், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடம். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு நம்பத்தக்கதா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் அதைப் பார்க்கிறார்கள்.

துறை எதுவானாலும் இன்றைய நடைமுறை ஏறத்தாழ ஒன்றே: பதிவு, பாடநெறி, ஆய்வேடு, வெளித்தேர்வாளர்களின் மதிப்பீடு, பலர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டுகளைக் கோருகின்றன. ஒரு பேராசிரியர் பொதுவாக ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு மேல் நெறியாளராக இருக்க முடியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் எம்.ஃபில். பட்டத்தையும் அதே விதிகள் நீக்கிவிட்டன.