1970-ஆம் ஆண்டின் திருத்த மசோதாவும் அர்ச்சக அதிகாரமும்

1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் 55-ஆம் பிரிவு திருக்கோயில் ஊழியர் நியமனத்தைப் பற்றியது. பரம்பரையாக வரும் பணிகளில், காலியிடம் நேர்ந்தால் வாரிசு வரிசையில் அடுத்தவருக்கே உரிமை என்று அது விதித்திருந்தது. 1969-இல் இளையபெருமாள் குழு பரம்பரை அர்ச்சக முறையை ஒழிக்கவேண்டுமெனப் பரிந்துரைத்தது. ஈ.வெ.ராமசாமியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்திருந்த காலமும் அதுவே. இச்சூழலில் தமிழ்நாடு சட்டமன்றம் 1970 டிசம்பரில் நிறைவேற்றிய மசோதா 1971-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டமாகி, அவ்வாண்டு ஜனவரி 8-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

மசோதா ஆகமத்தையே அழித்துவிட்டது என்று ஒரு சாராரும், கர்ப்பக்ருஹத்தை அனைவர்க்கும் திறந்துவிட்டது என்று மற்றொரு சாராரும் இன்றளவும் பேசிவருகின்றனர். ஸூத்ரத்தின் ஒவ்வொரு பதத்துக்கும் ப்ரயோஜனம் தேடிப் பழகியவர்கள் திருத்தத்தின் வாசகத்தையும் அவ்வாறே நோக்கியிருக்கலாம். முன்னிருந்தவருக்கு அடுத்த வாரிசு என்ற காரணத்தால் 'மட்டுமே' ஒருவருக்கு நியமன உரிமை இல்லை என்பதே அதன் பொருள். அந்த 'மட்டுமே' என்னும் பதம் வ்யர்த்தமன்று. அர்ச்சகரின் குமாரர் தகுதியற்றவர் என்று சட்டம் கூறவில்லை. குமாரராயிருத்தல் தனித்து ஹேதுவாகாது என்றே கூறிற்று. யார் பூஜைக்கு அதிகாரி என்னும் கேள்வியை அது தொடவேயில்லை.

இந்த மௌனமே அச்சத்தையும் விளைத்தது. அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்சநீதிமன்றத்தில் பன்னிரண்டு மனுக்களைத் தாக்கல் செய்தனர். சேஷம்மாள் வழக்கு என வழங்கும் அவற்றில், 1972 மார்ச் 14 அன்று, தலைமை நீதிபதி ஸிக்ரி உள்ளிட்ட ஐவர் அமர்வுக்காக நீதிபதி பாலேகர் தீர்ப்பை எழுதினார். அர்ச்சகரை நியமிப்பது லௌகிக காரியம். ஆதலால் பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும் என்பது முதல் முடிவு. ஆகமம் அனுமதியாதவர் திருமேனியைத் தீண்டும்படி அரசு செய்யுமானால் அது ஸமய நம்பிக்கையில் தலையிடுவதாகும் என்பது இரண்டாவது. கோயிலின் வழக்கப்படியே அறங்காவலர் நிர்வகிக்கவேண்டுமென்னும் 28-ஆம் பிரிவு மாற்றமின்றி நிற்பதையும் தீர்ப்பு சுட்டியது. தோற்றதாகக் கருதப்படும் அந்த வழக்கில் ஆகமத்துக்குக் கிடைத்த காப்பு சிறியதன்று. நம்மவர் பலர் முதல் முடிவை மட்டும் படித்து வருந்தினர். எதிர்த்தரப்பினரும் அதை மட்டுமே படித்து மகிழ்ந்தனர்.

அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது வைகானஸத்தை. ப்ருகு, அத்ரி, மரீசி, காச்யபர் ஆகிய நால்வர் வழியில், வைகானஸப் பெற்றோருக்குப் பிறந்தவரே வைகானஸ ஆலயங்களில் பூஜைக்கு உரியவர் என்னும் பார்த்தஸாரதி பட்டாசார்யரின் ஸாக்ஷ்யத்தை நீதிமன்றம் ஏற்றது. கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் விஷ்ணுபலி பெற்று, பிறக்குமுன்பே வைஷ்ணவராகிறார் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே அங்கு ஜன்மமே சாஸ்த்ரம் விதித்த தகுதி. ஆயினும் அது குலத்துக்கு உரியது. ஒரே ஸந்நிதியில் ஒரே குடும்பத்துக்கு உரியதன்று. தந்தையின் முறை மகனுக்கே வரவேண்டும் என்பது ஊர் வழக்கமேயன்றி மரீசியின் விதியன்று.

பாஞ்சராத்ரத்தில் நிலை வேறு. அங்கு தீக்ஷையே ப்ரதானம். அதைத் தருபவர் யார், பெறத்தக்கவர் யார் என்பதை ஸம்ஹிதைகளைக் கொண்டே நிர்ணயிக்கவேண்டும். பரம்பரை என்னும் ஒரே சொல்லால் இவ்விரு மரபுகளையும் சேர்த்து வாதாடியது மனுதாரர் தரப்பின் பலவீனம் என்றே தோன்றுகிறது.

2015 டிசம்பர் 16-ஆம் தேதி ஆதிசைவ சிவாசாரியார்கள் வழக்கில் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு நியமனத்தையும் அந்தந்த ஆகமத்தையும் அரசியலமைப்பையும் கொண்டு தனித்தனியே பரீக்ஷிக்கவேண்டுமென்றது. அதற்கு முன்பே அரசு தொடங்கிய அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளுள் வைணவத்துக்கானவை ஸ்ரீரங்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் அமைந்தன. முன்னது பாஞ்சராத்ர ஸ்தலம், பின்னது வைகானஸ ஸ்தலம். முன்னதில் தீக்ஷையைப் பற்றியும், பின்னதில் ஜன்மத்தைப் பற்றியும் கேட்கவேண்டியிருக்கிறது.